தீவுக் குதிரைகளும் வாப்பாவின் கொப்பியும்



பயணக் கட்டுரை எழுத நான் பொருத்தமான ஆள் அல்ல. மத்ரஸாவில் நஹ்வும் ஃபிக்ஹும் சொல்லிக்கொடுத்து இருபது வருடங்களைக் கழித்தவன். ஊர் சுற்றிப் பார்ப்பதென்று நான் வாய் திறந்தால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அப்படிப்பட்ட நான் குடும்பத்தோடு யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் போய்வந்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று என் மகள். மற்றது மர்ஹூம் வாப்பா விட்டுச்சென்ற ஒரு கடன் கொப்பி.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். கற்பிட்டிப் பாதையில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்து அரபு வணிகர்கள் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள் என்று அவற்றைப் பற்றிச் சொல்வார்கள். நெடுந்தீவில் குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகின்றன என்று அவளுடைய ஆசிரியை ஒருநாள் வகுப்பில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. "கழுதை பார்த்தது போதும் வாப்பா, குதிரை காட்டுங்க" என்பாள்.

கொப்பியின் கதை கொஞ்சம் பழையது. எங்கள் வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தது. வாப்பா புடவை வியாபாரி. கடை கிடையாது. சைக்கிளில் துணிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு ஊர்காவற்றுறைவரை போவார். அங்கிருந்து படகேறி எழுவைதீவு, அனலைதீவு என்று வீடுவீடாகக் கடனுக்குக் கொடுத்துவிட்டு வருவார். 1990 ஜூனில் போர் மறுபடியும் தொடங்கியதும் கடல்வழி அடைபட்டது. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி, ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம்களாகிய எங்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து ஊரைவிட்டே போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வழியில் சோதித்தபோது உம்மாவின் காப்பு போயிற்று. வாப்பாவின் மடியிலிருந்த பணம் போயிற்று. கொப்பியை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தக் கொப்பியில் இருபத்தெட்டுப் பக்கங்களில் பிறர் வாப்பாவுக்குத் தரவேண்டியது இருந்தது. கடைசிப் பக்கத்தில் வாப்பா பிறருக்குத் தரவேண்டியது ஒரே ஒரு வரி: எழுவைதீவு, தேவாலயத்தடி வீடு, வெள்ளைச் சாட்டின் மூன்று யார், லேஸ் இரண்டு யார், முற்பணம் ரூபா 300. வாப்பா மௌத்தாவதற்குச் சில நாட்களுக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "எனக்கு வரவேண்டியதையெல்லாம் நான் ஹலாலாக்கிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் நீ கொடுத்துவிடு" என்றார்.

அவர் சொல்லிப் பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. போர் 2009இல் முடிந்துவிட்டது. பாதை திறந்தது, பஸ் ஓடியது, ரயிலும் ஓடியது. ஆனாலும் நான் போகவில்லை. மய்யித்தின் கடனைத் தாமதிக்கக்கூடாது என்று மாணவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்கிற நான், சோம்பலைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலாதவனாக இருந்தேன். மகளின் குதிரைதான் என்னைக் கிளப்பியது. உம்மாவுக்கு மூட்டுவலி, வர முடியவில்லை. "தீவுத் தண்ணீரைப் பார்த்துக் குடி" என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

சோனகத் தெருவில் உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். திரும்பிவந்து கட்டிய வீடுகளும், கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே மரம் முளைத்த வளவுகளும் அங்கே பக்கம்பக்கமாக நிற்கின்றன. எங்கள் வீடு இரண்டாவது வகை. இரவுத் தொழுகைக்கு நின்றபோது எனக்கே ஒரு கேள்வி எழுந்தது: நான் இங்கே முழுமையாகத் தொழுவதா, பயணிக்குரிய சலுகைப்படி சுருக்கித் தொழுவதா? பிறந்த ஊராக இருந்தாலும், குடியிருப்பை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டவன் அங்கே வரும்போது பயணிதான் என்பது நான் படித்த சட்டம். படித்துக்கொடுத்த சட்டமும்தான். இரண்டு ரக்அத்தோடு ஸலாம் கொடுத்தேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் குறிகட்டுவான் பஸ் பிடித்தோம். யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இருபுறமும் கடல்நீரேரி. ஆழம் குறைந்த இந்தத் தண்ணீரை எங்கள் ஊரில் பரவைக்கடல் என்பார்கள். பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். மீனவர்கள் கம்புகளை வரிசையாக நட்டு வலையடைத்த களங்கட்டிகள் தண்ணீருக்குள் கோலம் போட்டதுபோல் நின்றன. ஒவ்வொரு கம்பின் தலையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

மண்டைதீவுப் பக்கம் போனபோது மனைவிதான் முதலில் கண்டாள். தூரத்தில் தண்ணீரின்மேல் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. பூநாரைகள். நூற்றுக்கணக்கில் நின்றன. நல்லவேளையாக அந்த இடத்தில் யாரையோ ஏற்றுவதற்காகப் பஸ் நின்றது. பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்று நீரை உறிஞ்சி, சல்லடைபோல் வடிகட்டித் தின்கிறது. உப்புநீரில் வளரும் நுண்ணிய பாசியிலும் கூனிப்பூச்சிகளிலும் உள்ள நிறமே அதன் சிறகுக்கு ஏறுகிறது. குஞ்சாக இருக்கும்போது அதன் நிறம் சாம்பல். நம் குழந்தைகள் கரட் தின்றால் சிவப்பார்கள் என்று சொல்வோமே, அது பூநாரைக்கு உண்மையாகவே நடக்கிறது. குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் இவை பெருங்கூட்டமாகச் சேற்றில் மேடுகட்டி, மேட்டுக்கு ஒரு முட்டை என்று இடுகின்றன. ஊசிவால் வாத்துகளும் பலவகை உள்ளான்களும் அதற்கும் வடக்கே, மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் விட்டு மாரியில் இங்கே வருகின்றன. பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுகின்றன. போர்க்காலத்திலும் இவை வந்துபோயின என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் சொன்னார்.

அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று பஸ் போயிற்று. மண்கும்பான் மணற்பாங்கான இடம். நல்ல தண்ணீர். வாப்பா சைக்கிளை நிறுத்தி முகம் கழுவி லுஹர் தொழுகிற பள்ளிவாசல் அங்கேதான் என்று உம்மா சொல்லியிருந்தார். பிறகு வாணர் பாலம் கடந்து புங்குடுதீவு. அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான் துறை.

துறையில் நின்றால் எதிரே நயினாதீவு தெரியும். பெரும்பாலோர் கோவிலுக்கும் விகாரைக்கும் போகிறவர்கள். அந்த நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. சிங்கள மன்னன் தமிழில் எழுதுவித்த அந்த ஆணை வெளிநாட்டு வணிகரைப் பற்றியது. அவர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவருக்கே விட்டுவிட வேண்டும். வேறு சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. குதிரை என்றால் மன்னனுக்கு அவ்வளவு ஆசை! மரம் உடைந்து கரையொதுங்கிய அந்நியனின் உடைமையில் முக்கால்வாசி அவனுக்கே என்று கல்லில் வெட்டிவைத்த கடற்கரை இது. உம்மாவின் காப்பு என் நினைவுக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம். படகு நிறைந்த சனம், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள். நடுக்கடலில் அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. மகன் என் சாரத்தைப் பிடித்துக்கொண்டான். இந்தக் கடற்பாதையில்தான் 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போன பயணிகள், பெண்களும் குழந்தைகளுமாக, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அருகில் இருந்த அம்மா ஒருவர் அதை மெல்லிய குரலில் என் மனைவிக்குச் சொன்னார். எங்கள் தெருவின் துக்கத்தை மனைவி அவருக்குச் சொன்னாள். பிறகு இருவரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

நெடுந்தீவு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமும் 6 கிலோமீற்றர் அகலமும் கொண்ட தட்டையான நிலம். மலையில்லை, ஆறில்லை. முழுத் தீவும் பவளக்கல்லின்மேல் கிடக்கிறது. வீட்டு வளவுகளைச் சுற்றிப் பவளக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேலி போட்டிருக்கிறார்கள். நாம் கிடுகு வேலி கண்டவர்கள். கல்வேலி புதுமையாக இருந்தது. துறையில் ஒரு முச்சக்கர வண்டியை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டோம். ஓட்டிய தம்பி அந்தத் தீவிலேயே பிறந்தவர்.

கோட்டை இடிபாடு, ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு எல்லாம் காட்டினார். பிறகு ஒரு பெருக்கமரம். ஆபிரிக்காவின் மரம் அது. தமிழ்நாட்டில் சில இடங்களில் பப்பரப்புளி என்பார்கள். அடிமரம் உள்ளே குடைந்து ஒரு சிறிய அறை அளவுக்கு இருக்கிறது. நாங்கள் நால்வரும் உள்ளே போய் நின்றோம். அரபு மாலுமிகள் கொண்டுவந்து நட்டது என்று அந்தத் தம்பி எங்களைப் பார்த்துச் சற்று மகிழ்ச்சியோடு சொன்னார். மன்னாரிலும் இதே மரத்துக்கு இதே கதைதான்.

குதிரைகளைக் காணத் தீவின் தென்புறத்து வெளிக்குப் போனோம். குட்டையான புல், இடையிடையே மழைநீர் தேங்கிய பள்ளங்கள், அதற்கப்பால் கடல். முதலில் மாடுகள் என்றே நினைத்தேன். நெருங்கியபோதுதான் பிடரி தெரிந்தது. இருபது, இருபத்தைந்து இருக்கும். மண்ணிறம், செம்மண்ணிறம், ஒன்றிரண்டு கறுப்பு. அரேபியக் குதிரை என்று நாம் படங்களில் காண்பவைபோல் உயரமில்லை. மட்டக்குதிரைகள். வயிறு புடைத்த ஒரு பெட்டையின் பக்கத்தில் நீண்ட கால்களோடு ஒரு குட்டி. மகள் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். சிறிது நேரம் கழித்து, "வாப்பா, இதெல்லாம் ஆருடைய?" என்று கேட்டாள்.

ஆருடையதும் இல்லை. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் இங்கே குதிரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள் என்பார்கள். 1658இல் அவர்களைத் துரத்திய ஒல்லாந்தர், தீவுக்கு டெல்ஃப்ட் என்று தங்கள் நகரின் பெயரை வைத்துக் குதிரை வளர்ப்பைப் பெருக்கினார்கள். பின்னர் ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பாக இங்கேயே வாழ்ந்தார். லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. தேவை முடிந்ததும் எசமானர்கள் போய்விட்டார்கள். குதிரைகள் நின்றுவிட்டன. தீவுக்கு வெளியே அவற்றைக் கொண்டுபோகத் தடை உண்டு. 2015இல் தீவின் ஒரு பகுதி, 1,846 ஹெக்டேயர், தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

வெள்ளைக்காரரை மட்டும் குறைசொல்லி நாம் தப்பிக்க முடியாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர்கள் ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகளைக் கொண்டுவந்து விற்பதையும், இங்கே வளர்க்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். குதிரை வைத்தியர்களை அந்த வணிகர்கள் வேண்டுமென்றே வரவிடுவதில்லை. செத்தால்தான் அடுத்த ஆண்டும் விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம் என்றும் சொல்கிறார். அந்த வணிகரில் பெரும்பாலோர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தின் குதிரை வியாபாரத்தைப் பெருமையாகப் பேசும் நாம் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை.

"இப்ப வந்திருக்கிறியள் ஐயா, எல்லாம் பச்சை. ஆவணி புரட்டாதியில வந்து பாருங்கோ" என்றார் வண்டிக்காரத் தம்பி. இந்தத் தீவுகளுக்கு மழை ஐப்பசி முதல் மார்கழிவரைதான். பெய்த மழை கல்லின் துவாரங்களால் இறங்கி, நிலத்தடியில் இருக்கும் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. பாலின்மேல் ஆடைபோல. கிணற்றில் அளவோடு அள்ளினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளில் நல்ல நீர் இருக்கிறது. மற்ற இடங்களில் வெயில் காலத்தில் உவர்தான். கடல்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களும் பவுசர்களும் மனிதருக்கு ஓரளவு போதுமாகின்றன. வெளியிலுள்ள பள்ளங்கள் வற்றியபின் குதிரைகளுக்கு என்ன வழி? வறட்சி கடுமையான வருடங்களில் அவை தாகத்தாலும் தீனியில்லாமலும் விழுந்து செத்திருக்கின்றன.

மதியம் அந்தத் தம்பியின் பெரியம்மா வீட்டில் இளைப்பாறினோம். நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். அவர் மீன்குழம்பு தந்தார். தொழவேண்டும் என்றதும் ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் தந்தார். எனக்குக் கை கூசியது. வழக்கமாகக் குழாயைத் திறந்துவிட்டு வுளூ செய்கிறவன், அன்று ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை மட்டும் கழுவிப் பாதிச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய்ப் பின்வளவில் கல்வேலியோரம் இருந்த ஒரு சீமெந்துத் தொட்டியில் ஊற்றினார். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் அதற்குள்தான்.

"ஆட்டுக்கோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஆட்டுக்கும்தான். வெயில் காலத்தில ராவில குதிரை வந்து வேலிக்கு அங்கால நிக்கும். தண்ணி வைக்காட்டி விடியவிடியக் கனைக்கும். ஆருக்குப் பிள்ளை நித்திரை வரும்?"

கோடையில் குளிப்பதற்கே எண்ணி எண்ணி அள்ளுகிறவர் அவர். தாகித்த நாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததற்காக மன்னிக்கப்பட்டவரின் செய்தியை மத்ரஸாவில் வருடாவருடம் பாடம் எடுக்கிறேன். ராவி யார், சொல்லின் வேர் என்ன என்பதெல்லாம் விளக்குவேன். அந்தத் தொட்டியின் பக்கத்தில் நின்றபோது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதை ஒருபோதும் யோசிக்காமலே பாடம் நடத்தியிருக்கிறேன் என்று பட்டது.

மாலைப் படகில் திரும்பினோம். பகிடி என்னவென்றால், போகும்போது பயந்த மகன் வரும்போது படகின் முன்பக்கம் இருக்க இடம் கேட்டு அழுதான்.

இரவு கடைவீதிக்குப் போய்ச் சாட்டின் வாங்கினோம். முற்பணம் வாங்கிக்கொண்டு பொருளைப் பின்னர் கொடுப்பதை ஃபிக்ஹில் ஸலம் வியாபாரம் என்போம். விற்றவர் மீது கடனாக நிற்பது பணமல்ல, பொருள். ஆகவே 300 ரூபாயை இன்றைய மதிப்பில் கணக்குப் பார்க்கும் சிக்கல் எனக்கு வரவில்லை. சிக்கல் என் மனைவிக்குத்தான் வந்தது. "மூன்று யார்" என்று அவள் கேட்க, கடைப் பையன் சிரித்துவிட்டு மீற்றர் கோலை எடுத்தான். கூடக் கொஞ்சம் வெட்டச் சொன்னாள். லேஸில் நாலு வகையைப் புரட்டிப் பார்த்து, அந்தக் காலத்துக்கு ஏற்றது என்று அவளுக்குத் தோன்றிய ஒன்றை எடுத்தாள்.

மறுநாள் ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் இதைத் துறைமேடை என்ற பொருளில் காய்ஸ் என்றார்கள். அதுதான் கயிட்ஸ் ஆயிற்று. யானை ஏற்றிய துறை. படகுத்துறையிலிருந்து பார்த்தால் காரைநகருக்கும் இதற்கும் நடுவே தண்ணீரில் மிதப்பதுபோல் ஒரு கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்தது. இலங்கையின் வடிவம் உப்பிட்ட பன்றித் தொடைபோல் அவர்களுக்குத் தெரிந்ததாம். கோட்டை அதன் குதிகாலாம். ஆகவே அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். தேங்காய், மாங்காய், கண்ணீர்த்துளி என்று எத்தனையோ உவமை இருக்க, நமக்கு ஆகாத ஒன்றுதான் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கிறது.

எழுவைதீவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஒன்றரைச் சதுர கிலோமீற்றர்கூட இல்லாத சின்னத் தீவு. சில நூறு பேர் இருக்கிறார்கள். கரையிலிருந்தே பனைகள். காற்றாலைகள் சில சுழன்றுகொண்டிருந்தன. காற்றும் வெயிலும் டீசலும் சேர்ந்து தீவுக்கு மின்சாரம் தருகின்றன. நீர் வற்றிய கரையில் சாதாழை ஒதுங்கிக் கிடக்க, கொக்கும் உள்ளானும் அதைக் கிண்டிக்கொண்டு நின்றன. ஆலாக்கள் தலைக்குமேல் கத்தியபடி கடலுக்குள் குத்திக்குத்தி எழும்பின. நண்டு வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மகள் கடலில் என்னென்ன உண்டு என்று விசாரித்தாள். அவர் நீலக்கால் நண்டு, கணவாய், திருக்கை என்று எண்ணிக்கொண்டு வந்து, கடற்பசுவில் நிறுத்தினார். கடலடியில் வளரும் புல்லைத் தின்று வாழும் சாதுவான பிராணி அது. தகப்பன் காலத்தில் அடிக்கடி கண்டிருக்கிறாராம். இழுவை மடி போட்டுக் கடலடியை வாரும் படகுகள் வந்து புல்லையும் கொண்டுபோகின்றன, தங்கள் வலையையும் அறுக்கின்றன என்றார். இலங்கையில் 2017இல் இழுவை மடியைச் சட்டம் தடை செய்துவிட்டது. இந்தியக் கரையிலிருந்து வருகிறவர்களும் நம்மைப்போல் வயிற்றுக்குத்தான் வருகிறார்கள். ஆனால் புல் போனால் மீனுமில்லை, கடற்பசுவுமில்லை, இரு கரைக்குமே.

தேவாலயத்தடி வீட்டைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுபதைக் கடந்த ஓர் அம்மா வாசலில் பனையோலை பின்னிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கவில்லை.

"புடவைக்கார நானாவின்ர மகனோ? அவற்ற நெத்தி அப்படியே இருக்கு. வாங்கோ, வாங்கோ பிள்ளையள். நானா இருக்கிறாரோ?"

இல்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். மனைவி பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள். அவிழ்த்து வெள்ளைச் சாட்டினைக் கண்டதும் கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். 1990இல் அவருடைய மகளின் முதல் நன்மைக்குச் சட்டை தைக்கவென்று கேட்ட துணி. வாப்பா வரவில்லை. என் கலியாணச் சீலையை வெட்டித் தைத்தேன் என்றார். பிறகு அவர்களும் தீவை விட்டு ஓடி, ஊர் ஊராக இருந்து, பல வருடங்கள் கழித்துத் திரும்பினார்களாம். மகள் இப்போது பிரான்சில்.

"நானா ஏமாத்திப்போட்டார் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லைத் தம்பி. உங்களையெல்லாம் அனுப்பிப்போட்டாங்கள் எண்டு பிறகுதான் கேள்விப்பட்டம். காசை வைச்சுக்கொண்டு அந்த மனுசன் எவ்வளவு துக்கப்பட்டிருக்கும் எண்டு நினைச்சனான்."

எனக்குப் பேச வரவில்லை. மனைவிதான் உம்மாவின் சலாத்தைச் சொன்னாள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பனங்கட்டியும் ஒடியலும் எடுத்துவர உள்ளே போய்விட்டார். மகன் அவருடைய ஆட்டுக்குட்டியோடு விளையாடினான். மகள் வேலியோரம் பார்த்துவிட்டு, "இங்க குதிரைத் தொட்டி இல்லையா?" என்று கேட்டு, குதிரைக் கதையெல்லாம் அவருக்குச் சொன்னாள். இங்கே காகத்துக்கும் மைனாவுக்கும் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைப்பதாக அவர் சொன்னார்.

படகுக்கு நேரமாயிற்று. புறப்படும்போது அந்த அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, இந்த ரெண்டு யன்னலுக்கும் சீலை வேணும். நீலத்தில சின்னப் பூப்போட்டது. அடுத்த முறை வரேக்க கொண்டு வாங்கோ."

மடியிலிருந்து இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். வேண்டாம், நாங்களே வாங்கி வருகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். "வியாபாரம் எண்டா வியாபாரம்தான். நானா சும்மா தரமாட்டார்" என்று கையில் திணித்துவிட்டார். மனைவி ஒரு நூலை எடுத்து யன்னல்களை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

படகில் ஏறியதும் மகள் தன் பையிலிருந்து வாப்பாவின் கொப்பியை எடுத்தாள். கடைசிப் பக்கத்து வரியை நான் கோடிட்டு அடித்தேன். அதற்குக் கீழே இடமிருந்தது. எழுவைதீவு, தேவாலயத்தடி வீடு, நீலப் பூப்போட்ட யன்னல் சீலை, முற்பணம் ரூபா 2,000 என்று மகள் எழுதினாள்.